தங்கும் உரிமமும் தலையங்கமும்

அயல்மண்ணில் பணியாற்றும் பத்திரிகையாசிரியரின் வாழ்வு இன்றைய உரையின் பொருள். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஊர் நினைவு, மொழிச் சிக்கல், ஒட்டாத உணவு, இரு பண்பாடுகளுக்கு நடுவில் நிற்கும் தவிப்பு என்றுதான் தொடங்குவார்கள். அவை எல்லாப் புலம்பெயர்ந்தோர்க்கும் உரியவை. மருத்துவருக்கும் கொத்தனாருக்கும் கணக்கருக்கும் அந்தத் தவிப்பு உண்டு. ஆசிரியருக்கு மட்டுமே உரிய இடர் வேறொன்று. அவர் தினமும் எழுதுவது, தம்மை அந்த நாட்டில் தங்க அனுமதித்த அதிகாரத்தைப் பற்றி. அந்த அனுமதி ஒரு தாளில் இருக்கிறது. அதை வழங்கியவர் கையாலேயே அதைத் திரும்பப் பெறவும் முடியும். ஆகவே, அயல்நாட்டு ஆசிரியரை உண்மையில் ஆள்வது அந்நாட்டின் பத்திரிகைச் சட்டமன்று, வசிப்புச் சட்டம் என்பதே நான் நிறுவ விரும்பும் கருத்து. பத்திரிகைச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும், ‘இவர் இங்கே தங்கலாமா’ என்ற கேள்விக்கு ஓர் அதிகாரியின் விருப்பமே விடையாக இருக்கும்வரை, அவர் எழுதும் ஒவ்வொரு தலையங்கமும் கடன் வாங்கிய இடத்தில் எழுதப்படுவதே.

இதற்கான சான்றுகளைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. இந்தியாவில் அச்சிட்ட செய்தித்தாளின் வரலாறே அயலார் நடத்திய தாள்களின் வரலாறாகத்தான் தொடங்குகிறது. 1780 ஜனவரி 29 அன்று கல்கத்தாவில் ஹிக்கி தம் ‘பெங்கால் கெஜட்’டை வெளியிட்டார். 1785இல் சென்னையில் ‘மெட்ராஸ் கூரியர்’ வந்தது. இவற்றை நடத்தியவர்கள் வெள்ளையர்கள், ஆளும் இனத்தவர்கள். ஆனால் அவர்களும் இங்கே விருப்பம்போல் தங்க முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் உரிமம் இல்லாமல் ஒரு பிரிட்டிஷ் குடிமகன் கம்பெனியின் ஆட்சிப்பகுதியில் வசிக்கக் கூடாது என்பது சட்டம். கொடுத்த உரிமத்தை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். வணிகப் போட்டியைத் தடுப்பதற்காக எழுந்த இந்த ஏற்பாடு, பத்திரிகைகள் பெருகியதும் வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. 1795இல் சென்னையில் ஹம்ப்ரீஸ் என்பவர் அனுமதி பெறாமல் ‘இந்தியா ஹெரால்ட்’ என்ற தாளைத் தொடங்கினார். அவரைக் கைது செய்து கப்பலேற்றினார்கள், அவரோ கப்பலிலிருந்து தப்பிவிட்டார். அதே ஆண்டு கல்கத்தாவிலிருந்து வில்லியம் டுவேன் என்ற ஆசிரியர் வெளியேற்றப்பட்டார். அவர் பின்னாளில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ‘அரோரா’ இதழின் ஆசிரியராகி, அங்கேயும் ஆட்சியாளரின் சினத்துக்கு ஆளாகி, 1798ஆம் ஆண்டின் ராஜத்துரோகச் சட்டத்தின்கீழ் வழக்கைச் சந்தித்தார். இரண்டு கண்டங்களில் ஒரே மனிதர் ஒரே காரணத்துக்காகத் துரத்தப்பட்டார். ஆனால் ஓரிடத்தில் அவருக்கு எதிராக நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது, மற்றோரிடத்தில் ஒரு கப்பல் போதுமானதாக இருந்தது. இந்த வேறுபாட்டைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1799 மே மாதம் வெல்லெஸ்லி பிரபு கொண்டுவந்த பத்திரிகை விதிகள் இந்தியாவின் முதல் பத்திரிகை ஒழுங்குமுறை என்று பாடநூல்களில் படிக்கிறோம். அச்சிடுபவர் பெயர் தாளின் அடியில் இருக்க வேண்டும், ஆசிரியரும் உரிமையாளரும் பெயரையும் முகவரியையும் அரசுக்குத் தர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தாள் வரக் கூடாது, அரசுச் செயலர் பார்த்து ஒப்புதல் தராத எதையும் அச்சிடக் கூடாது. இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொள்ளும் நாம், ஐந்தாவது விதியை மறந்துவிடுகிறோம். மீறினால் தண்டனை என்ன? அபராதமில்லை, சிறையில்லை. உடனே ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றப்படுவார் என்பது மட்டுமே. அதாவது, பத்திரிகைச் சட்டம் என்ற பெயரில் வந்த அந்த விதிகளின் முதுகெலும்பு வசிப்புரிமை. அதை எடுத்துவிட்டால் மற்ற நான்கும் வெறும் வேண்டுகோள்கள். அச்சுக்கூடத்தை வாங்கக் கடன்பட்டு, எழுத்துருக்களை இங்கிலாந்திலிருந்து தருவித்து, சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலோடு போராடிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியருக்கு ‘நீ புறப்படு’ என்ற ஆணை எதைக் குறித்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் போகலாம். அச்சுப்பொறி போகாது, வாசகர் போகமாட்டார், கடனும் அங்கேயே நிற்கும்.

இந்த முதுகெலும்பு உண்மையில் எவ்வளவு முக்கியமானது என்பது, அது வேலை செய்யாத ஓர் ஆள் எதிரே வந்தபோது வெளிப்பட்டது. ‘மார்னிங் போஸ்ட்’ என்ற கல்கத்தாத் தாளின் ஆசிரியர் ஹீட்லி, ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் இந்தியாவிலேயே பிறந்தவர். தணிக்கை அதிகாரி நீக்கச் சொன்ன பகுதிகளை அவர் நீக்க மறுத்தார். அவரை எந்த ஊருக்கு அனுப்புவது? பிறந்த மண்ணிலிருந்து வெளியேற்ற அரசுக்கு அதிகாரம் இல்லை. 1818 ஆகஸ்டில் ஹேஸ்டிங்ஸ் பிரபு முன் தணிக்கையை நீக்கினார். அவருடைய தாராள மனத்தைப் பலரும் பாராட்டியிருக்கிறார்கள். அந்தப் பாராட்டு முழுக்கத் தவறில்லை. என்றாலும், இந்தியாவில் பிறந்தவரைக் கட்டுப்படுத்தாமல் இங்கிலாந்தில் பிறந்தவரை மட்டும் கட்டுப்படுத்தும் தணிக்கை நகைப்புக்கு இடமாகிவிட்டது என்பதும் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த காரணம். மண்ணில் பிறந்தவன் என்ற ஒரே தகுதி, பத்தொன்பது ஆண்டு பழைய தணிக்கையை வலுவிழக்கச் செய்தது.

அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று ஜேம்ஸ் சில்க் பக்கிங்ஹாம் ‘கல்கத்தா ஜர்னல்’ என்ற தாளைத் தொடங்கினார். கார்ன்வால் கடற்கரைக்காரர், மாலுமியாக இருந்து எழுத்துக்கு வந்தவர். அதுவரை இந்திய ஆங்கிலத் தாள்கள் கப்பல் வருகையையும் நடன விருந்துகளையும் இங்கிலாந்துச் செய்திகளின் மறுபதிப்பையும் கொண்டு பக்கம் நிரப்பிவந்தன. பக்கிங்ஹாம் ஆட்சியைப் பற்றி எழுதினார், வாசகர்கள் ஆட்சியைப் பற்றி எழுதிய கடிதங்களையும் அச்சிட்டார். 1819இல் சென்னை ஆளுநர் ஹியூ எலியட்டின் பதவிக்காலம் நீட்டிக்கப்படுவதைத் துக்கச் செய்தியாகவே அவர் வெளியிட்டார். ஹேஸ்டிங்ஸ் இருந்தவரை எச்சரிக்கைகளோடு நின்றது. அவர் இந்தியாவை விட்டுச் சென்று ஜான் ஆடம் தற்காலிகத் தலைமை ஆளுநரானதும் நிலைமை மாறியது. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் குருவான ஜேம்ஸ் பிரைஸுக்கு அரசின் எழுதுபொருள் குழுவில் ஓர் எழுத்தர் பதவி தரப்பட்டது. குருவுக்குத் தாளும் மையும் வாங்கும் வேலை எதற்கு என்று ‘கல்கத்தா ஜர்னல்’ கேட்டது. 1823 பிப்ரவரி 12 அன்று பக்கிங்ஹாமின் வசிப்பு உரிமம் ரத்தானது. ஓர் அலுவலக நியமனத்தைப் பற்றிய கேள்வி அது, அவ்வளவுதான். பேரரசின் அடித்தளத்தையே அசைக்கும் கருத்து எதுவும் அதில் இல்லை. கையில் இருப்பது சம்மட்டி மட்டுமே என்றால் ஈ அடிக்கவும் அதுவே எடுக்கப்படும்.

பக்கிங்ஹாம் போனபின் நடந்ததுதான் என் வாதத்துக்கு மிக வலுவான சான்று. தாளின் பொறுப்பு பிரான்சிஸ் சாண்டிஸ் என்பவரிடம் வந்தது. அவர் இந்தியாவில் பிறந்தவர், கப்பலேற்ற முடியாது. அரசின் சினம் அங்கே பணியாற்றிய சாண்ட்ஃபோர்ட் ஆர்னாட் என்ற உதவி ஆசிரியர்மீது திரும்பியது. அவர் பிரிட்டனில் பிறந்தவர் என்பதால் எளிதில் அகப்பட்டார், வெளியேற்றப்பட்டார். ஒரே அறை, ஒரே மேசை, ஒரே தாள். அதில் ஒருவர் தங்கலாம், மற்றவர் தங்க முடியாது. யார் எழுதினார் என்பதைவிட யார் எங்கே பிறந்தார் என்பதே கணக்காயிற்று. சாண்டிஸ் போன்றவர்களைக் கட்டுப்படுத்த வேறு கருவி தேவைப்பட்டது. ஆடம் 1823 மார்ச்சில் கொண்டுவந்த உரிம விதி அந்தக் கருவி. இனி அச்சிட விரும்புவோர் எவரானாலும் அரசின் உரிமம் பெற வேண்டும். ஆளுக்கு இருந்த உரிமம் அப்படியே தாளுக்கு மாற்றப்பட்டது. முறையான பத்திரிகைச் சட்டம் ஒன்று, நாடுகடத்த முடியாத ஆசிரியர்கள் தோன்றிய பிறகே தேவைப்பட்டது. அதற்குமுன் வசிப்புச் சட்டமே போதுமாக இருந்தது.

ராம்மோகன் ராயும் துவாரகநாத் தாகூரும் உள்ளிட்ட ஆறு இந்தியர்கள் அந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்ததும், விண்ணப்பம் தள்ளுபடியானதும் ராம்மோகன் தம் பாரசீக வார இதழான ‘மிராத்-உல்-அக்பர்’ இதழை நிறுத்தியதும் இந்தியப் பத்திரிகை வரலாற்றில் புகழ்பெற்ற நிகழ்வுகள். அந்த நவம்பரில் ‘கல்கத்தா ஜர்னல்’ தாளின் உரிமமும் பறிபோனது. பக்கிங்ஹாம் லண்டனில் ‘ஓரியண்டல் ஹெரால்ட்’ இதழை நடத்தினார், ‘அதீனியம்’ இதழைத் தொடங்கினார், ஷெஃபீல்டு தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1833ஆம் ஆண்டின் சாசனச் சட்டம் பிரிட்டிஷ் குடிமக்கள் உரிமமின்றி இந்தியாவில் தங்க வழிவிட்டது. இரண்டே ஆண்டுகளில், 1835இல், தற்காலிகத் தலைமை ஆளுநராக இருந்த மெட்காஃப் பத்திரிகை உரிம முறையை நீக்கினார். அதற்காகக் கம்பெனி இயக்குநர்களின் அதிருப்தியைச் சம்பாதித்து, தமக்குக் கிடைத்திருக்க வேண்டிய சென்னை ஆளுநர் பதவியை இழந்தார். இரண்டு பூட்டுகளும் அடுத்தடுத்துத் திறந்தது தற்செயலானது என்று நான் கருதவில்லை. முதல் பூட்டு இருக்கும்வரை இரண்டாவதைத் திறந்து பயனில்லை.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். கம்பெனி ஆட்சி ஒரு வணிகக் குழுவின் தனியாட்சி, அதைக்கொண்டு பொதுவிதி சொல்லலாமா, நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பான நவீன அரசுகள் அப்படி நடக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை பம்பாயில் இருக்கிறது. பெஞ்சமின் கை ஹார்னிமன் 1873இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிறந்தவர். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளேட்டில் பணியாற்றியபின், பெரோஸ்ஷா மேத்தா 1913இல் தொடங்கிய ‘பாம்பே கிரானிக்கிள்’ நாளேட்டின் ஆசிரியரானார். அன்னி பெசன்ட்டின் ஹோம் ரூல் இயக்கத்தில் பொறுப்பு வகித்தார், காந்தியின் சத்தியாக்கிரக சபையிலும் துணைத்தலைவராக இருந்தார். 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் படுகொலை நடந்தது. பஞ்சாபில் ராணுவச் சட்டம், செய்தி வெளியே வராத இருட்டு. அந்த இருட்டைத் துளைக்க முயன்ற தாள்களுள் ‘கிரானிக்கிள்’ முன்வரிசையில் இருந்தது. ஏப்ரல் 26 அன்று பம்பாய் அரசு இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் ஹார்னிமனைப் பிடித்துக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பியது. தாளுக்கு முன் தணிக்கை வந்தது, சிலகாலம் அது நின்றும் போனது. தொண்ணூற்றாறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே கப்பல், அதே காரணம். இடையில் கம்பெனி போய் மகுடம் வந்திருந்தது, நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பான ஆட்சி வந்திருந்தது. ஆசிரியரின் நிலை மாறவில்லை.

அதே நாட்களில் லாகூரில் ‘ட்ரிப்யூன்’ ஆசிரியர் காளிநாத் ராய் கைது செய்யப்பட்டார். ராணுவ நீதிமன்றம் அவருக்கு இரண்டாண்டு சிறை விதித்தது, பின்னர் அது மூன்று மாதமாகக் குறைந்தது. இரு ஆசிரியர்களின் இந்த இரு வேறு விதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் இரண்டாவது மறுப்பை எழுப்புவார்கள். மண்ணின் மைந்தன் சிறைக்குப் போகிறான், அயலான் சொந்த ஊருக்குப் போகிறான், இதில் யாருக்காக வருந்துவது? இந்தக் கேள்வியின் நியாயத்தை நான் மறைக்க விரும்பவில்லை. மியன்மாரில் 2000ஆம் ஆண்டு ஆஸ்திரேலியரான ராஸ் டன்க்ளியும் பர்மியரான சன்னி ஸ்வேயும் சேர்ந்து ‘மியன்மார் டைம்ஸ்’ இதழைத் தொடங்கினார்கள். தணிக்கையை மீறியதாகச் சொல்லி 2005இல் பதினான்கு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றவர் சன்னி ஸ்வே. எட்டாண்டுக்கு மேல் சிறையில் கழித்து 2013இல்தான் அவர் விடுதலையானார். உடலின் துன்பத்தை அளவுகோலாக்கினால் உள்ளூர் ஆசிரியரே எப்போதும் அதிகம் சுமக்கிறார். இதை ஒப்புக்கொள்ளாமல் அயல்நாட்டு ஆசிரியரின் இடரைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் ஆசிரியருக்கு நேரும் துன்பம் ஒன்று, வாசகருக்கு நேரும் இழப்பு வேறொன்று. 1908இல் திலகர்மீது ராஜத்துரோக வழக்குத் தொடர்ந்தபோது அவர் தம் தரப்பை நாட்கணக்கில் தாமே எடுத்துப் பேசினார். மாந்தலே சிறைக்குப் போகுமுன் அவர் சொன்னவை நீதிமன்றப் பதிவாயின, நாடெங்கும் அச்சாயின. சிறைக்கு அனுப்ப வேண்டுமானால் அரசு குற்றம் இன்னதென்று சொல்ல வேண்டும், சான்று காட்ட வேண்டும், எதிர்வாதத்தைக் காதில் வாங்க வேண்டும். அந்த வழக்கு அநீதியாக முடியலாம், ஆனாலும் வழக்கின்போது எழுத்து வாதிடப்படுகிறது. நாடுகடத்தல் இந்தப் படிகளையெல்லாம் தாண்டிக் குதிக்கிறது. ஹார்னிமன் எழுதியது பொய்யா மெய்யா என்ற கேள்வி எந்த மன்றத்திலும் எழவே இல்லை. கப்பல் புறப்பட்டதோடு விவாதம் முடிந்தது. தண்டனை மென்மையானது என்பதாலேயே அரசு அதை எளிதில் எடுக்கிறது, எளிதில் எடுக்க முடிவதாலேயே அது அதிகம் அச்சுறுத்துகிறது. சிறைக்கு அனுப்பத் தயங்கும் அரசும் விசாவைப் புதுப்பிக்காமல் விடத் தயங்குவதில்லை.

ஹார்னிமன் விஷயத்தில் ஒரு விளைவைக் குறிப்பிடாமல் போக முடியாது. ‘கிரானிக்கிள்’ முடங்கியபோது அதன் இயக்குநர்களாக இருந்த உமர் சோபானியும் சங்கர்லால் பாங்கரும் தங்கள் வசமிருந்த ‘யங் இந்தியா’ இதழைக் காந்தியிடம் ஒப்படைத்தார்கள். ஓர் ஆங்கிலேயரின் பேனாவைப் பறித்த அரசு, அறியாமலே காந்திக்கு ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்தது. ‘கிரானிக்கிள்’ மீண்டும் வந்தபோது 1920இல் ஆசிரியர் நாற்காலிக்கு வந்தவரும் இன்னோர் ஆங்கிலேயர்தான். குர்ஆனைப் பின்னாளில் ஆங்கிலத்தில் தந்த மார்மடியூக் பிக்தால் நான்காண்டு அதில் இருந்தார். ஹார்னிமன் லண்டனிலிருந்தபடியே அமிர்தசரஸ் பற்றிப் புத்தகம் எழுதினார், 1926 ஜனவரியில் இந்தியாவுக்குத் திரும்பினார், 1933 முதல் ‘பாம்பே சென்டினல்’ மாலை நாளேட்டைப் பன்னிரண்டு ஆண்டு நடத்தினார், 1948இல் விடுதலை பெற்ற இந்தியாவில் காலமானார். பம்பாயின் எல்ஃபின்ஸ்டன் வட்டம் இன்று ஹார்னிமன் வட்டம். இதைக் கேட்கும்போது, நாடுகடத்தல் இறுதியில் தோற்றுத்தானே போகிறது என்று தோன்றலாம். பக்கிங்ஹாமுக்குப் பின் ராம்மோகன், ஹார்னிமனுக்குப் பின் காந்தி என்று வரிசை வைத்துப் பார்க்கும்போது அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் இடத்தை நிரப்ப ராம்மோகனும் காந்தியும் காத்திருந்த ஊர்கள் அவை. அப்படி யாரும் காத்திராத ஊர்களும் உண்டு.

கோலாலம்பூரின் ‘தமிழ் நேசன்’ நாளேட்டில் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன் அப்படிப்பட்ட ஊரில் பணியாற்றியவர். 1924இல் தொடங்கிய அந்தத் தாளின் வாசகர்கள் மலாயாவின் இந்தியர்கள், அவர்களுள் பெரும்பகுதியினர் ரப்பர்த் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களும் அவர்களைச் சுற்றி வாழ்ந்தவர்களும். படிக்கத் தெரிந்த ஒருவர் லயத்து வாசலில் உட்கார்ந்து உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்ட காலம் அது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்திலும் நாதன் முன்னின்றார். 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியபோது தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் படித்தால் நெஞ்சு கனக்கும். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், தொழிலாளர்களைத் தாக்கும் மேற்பார்வையாளர்களை நீக்க வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். மே மாதம் நாதன் கைதானார், பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அவரை விடுவிக்கக் கேட்டுத் தொழிலாளர்கள் திரண்டார்கள், போராட்டம் இன்னும் பரவியது, ராணுவம் இறக்கப்பட்டது, உயிர்கள் போயின. அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. நாதன் விட்டுப்போன மேசையில் தொழிலாளர் செய்தியைத் தொடர்ந்து எழுத ஒருவர் வந்து அமர அவகாசமே கிடைக்கவில்லை.

‘விருந்தாளியாக வந்தவர் வீட்டுக்காரரின் குடும்ப விவகாரத்தில் தலையிடலாமா?’ என்பது நான் எதிர்கொள்ள வேண்டிய மூன்றாவது மறுப்பு. நம்மிடையே மிகச் செல்வாக்குள்ள மறுப்பும் இதுவே. நாதனின் கதையே இதற்கு விடை சொல்கிறது. அவருடைய வாசகர்கள் விருந்தாளிகளா? காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர்களை எந்த வீட்டின் விருந்தாளிகள் என்பது? ஆசிரியர் எழுதும் உரிமை அவருடைய கடவுச்சீட்டிலிருந்து வருவதில்லை. அந்தத் தாளை நம்பிப் படிக்கும் மக்களிடமிருந்து வருகிறது. அவர்களுக்கு அந்த ஊரில் கூலியும் குழந்தையும் குடிசையும் இருக்கும்வரை, அவர்களுடைய ஆசிரியர் அந்த ஊர் விவகாரத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். வெளிநாட்டுப் பணம் ஒரு நாட்டின் தாள்களை விலைக்கு வாங்குவதைப் பற்றிய அச்சம் வேறு. அது உரிமையாளரைப் பற்றியது. அதற்கு முதலீட்டு வரம்பும் வெளிப்படையான கணக்கும் போதும். சம்பளத்துக்கு மேசையில் அமர்ந்து மெய்ப்புத் திருத்துபவரின் வசிப்பைப் பறிப்பது அந்த நோய்க்கு மருந்தாகாது.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். பக்கிங்ஹாம், ஹார்னிமன், நாதன் ஆகிய மூவரும் பிரிட்டிஷ் முடியின் குடிமக்கள், வெளியேற்றப்பட்டதோ அந்த முடியின் கொடி பறந்த அல்லது செல்வாக்கு நிலவிய மண்ணிலிருந்து. சட்டத்தின் கண்ணில் அவர்கள் முழு அயலார் அல்லர். எழுதத் தொடங்கிய பிறகே அயலாராக்கப்பட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் காந்தி கண்டதும் இதுவே. 1903 ஜூனில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழுக்கு ஆசிரியர் என்று அவர் பெயர் இல்லாவிட்டாலும் அதன் உயிரும் பொருளும் அவரே. அந்த இதழ் எதிர்த்துப் போரிட்ட டிரான்ஸ்வால் ஆசியர் பதிவுச் சட்டம் ஒரு வசிப்புச் சட்டம். 1907 டிசம்பரில் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் டிரான்ஸ்வாலை விட்டுப் போகுமாறு ஆணையிடப்பட்ட காந்தி போகவில்லை. 1908 ஜனவரியில் இரண்டு மாதச் சிறையை ஏற்றார். அவர் செய்ததன் நுட்பத்தைப் பாருங்கள். சத்தமில்லாமல் முடிந்திருக்கக்கூடிய வெளியேற்றத்தை வழக்காக மாற்றினார், கப்பலை நீதிமன்றமாக மாற்றினார். எளிய சத்தியாக்கிரகிகளுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 1910இல் தமிழர்கள் பலர் கப்பலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள். உடுத்திய துணியோடு வந்திறங்கியவர்களை இங்கே வரவேற்றுப் பேணியவர் ‘இந்தியன் ரிவ்யூ’ ஆசிரியர் ஜி. ஏ. நடேசன். அவர்களுள் திரும்பிச் சென்ற நாராயணசாமி என்பவர் எந்தத் துறைமுகத்திலும் இறங்க அனுமதி கிடைக்காமல் அலைக்கழிக்கப்பட்டு, அந்த அக்டோபரில் டெலகோவா விரிகுடாவில் உயிர் நீத்தார். தங்கும் அனுமதி என்பது வெறும் தாள் என்று யாராவது சொன்னால், அந்தப் பெயரை நினைத்துக்கொள்கிறேன்.

இந்தச் சிக்கலுக்கு மிக நேரான விடையைக் கண்டவர் என்று நான் மதிப்பவர் கோ. சாரங்கபாணி. 1903இல் திருவாரூரில் பிறந்து 1924இல் சிங்கப்பூர் சென்றவர். தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் இதழாக 1935இல் தோன்றிய ‘தமிழ் முரசு’ அவர் பொறுப்பில் நாளேடாயிற்று. அவர் தமிழர் திருநாளை வளர்த்ததையும், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டு ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியதையும் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப் படுவது 1950களில் அவர் நடத்திய குடியுரிமைப் பிரசாரம். ஊருக்கு ஒருநாள் திரும்பிவிடுவோம் என்று எண்ணியிருந்த தமிழர்களிடம், இந்த மண்ணின் குடிமக்களாகப் பதிவு செய்யுங்கள் என்று தாளிலும் மேடையிலும் அவர் விடாமல் வலியுறுத்தினார். வாசகர் வாக்காளரானால்தான் ஆசிரியரின் சொல்லுக்கு எடை. வாசகரையும் ஆசிரியரையும் யாரும் கப்பலேற்ற முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் ஒரு மொழித் தாள் அந்த ஊரின் தாளாகிறது. ‘தமிழ் முரசு’ இன்றும் வந்துகொண்டிருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அதன் வாசகர்கள் அங்கே வேரூன்றியதை அவற்றுள் முதலாவதாக வைப்பேன்.

ஆனால் சாரங்கபாணியின் வழி எல்லோருக்கும் திறந்ததன்று. வளைகுடா நாடுகளின் ஆங்கில நாளேடுகளில் செய்தி மேசைகளில் இரவெல்லாம் தலைப்பிடுபவர்களும் பக்கம் அமைப்பவர்களும் பெரும்பாலும் இந்தியர்கள், இலங்கையர், பாகிஸ்தானியர், பிலிப்பினோக்கள். எத்தனை ஆண்டு உழைத்தாலும் குடியுரிமை அவர்களுக்கு எட்டாக்கனி. தங்கும் அனுமதியும் வேலையும் ஒன்றோடொன்று பின்னப்பட்டவை. வேலை போனால் அனுமதி போகும், அனுமதி போனால் பிள்ளைகளின் பள்ளி நடுவாண்டில் நிற்கும். கம்பெனிக் காலத்தில் அரசின் கையிலிருந்த கயிறு இங்கே முதலாளியின் கையிலும் இருக்கிறது. எந்தத் தணிக்கை அதிகாரியும் அந்த அறைக்குள் வரத் தேவையில்லை. எந்தச் செய்தியை இரண்டு பத்தியில் முடிக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதை மேசையிலிருப்பவர் தாமே அறிவார். வல்லரசுகளும் இந்தக் கயிற்றை விட்டுவிடவில்லை. 2020 மார்ச்சில் சீனா மூன்று பெரிய அமெரிக்க நாளேடுகளின் அமெரிக்கச் செய்தியாளர்களிடம் அடையாள அட்டைகளைத் திருப்பித் தரச் சொன்னது. மே மாதம் அமெரிக்கா சீனச் செய்தியாளர்களின் விசாவைத் தொண்ணூறு நாளாகக் குறுக்கியது. இரண்டு நாடுகளின் பத்திரிகைச் சட்டங்களுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. வசிப்புச் சட்டத்தைப் பயன்படுத்தியதில் அந்த வேறுபாடு தெரியவில்லை.

எனவே என் கோரிக்கை சிறியது, சட்டநுட்பம் சார்ந்தது. பத்திரிகைப் பணியாளரின் வசிப்பு அனுமதியை ரத்து செய்யவோ புதுப்பிக்க மறுக்கவோ முற்படும் அரசு, காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தக் காரணத்தை ஒரு நீதிபதி பார்க்க வேண்டும். அவர் தீர்ப்புச் சொல்லும்வரை ஆசிரியர் அந்த நாட்டிலேயே, தம் மேசையிலேயே இருக்க வேண்டும். வேலையை இழந்தவருக்கு இன்னொரு தாளில் வேலை தேடிக்கொள்ளப் போதிய காலம் தர வேண்டும். இது அயல்நாடுகளுக்கு மட்டுமன்று, வெளிநாட்டுச் செய்தியாளருக்கு விசா வழங்கும் நம் நாட்டுக்கும் பொருந்தும். நீதிபதி இருந்தால் நீதி கிடைத்துவிடுமா என்று கேட்பீர்கள். 1823இல் கல்கத்தாவில் கிடைக்கவில்லை. ஆயினும் ஆடமின் பத்திரிகை விதி செல்லுபடியாக அது உச்ச நீதிமன்றத்தில் பதிவாக வேண்டியிருந்தது. அந்தச் சிறிய இடைவெளியில்தான் வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள், ராம்மோகனின் விண்ணப்பம் வாசிக்கப்பட்டது, எழுதப்பட்ட ஒரு மறுப்பு வரலாற்றில் நின்றது. ஏப்ரல் 4 அன்று விதி பதிவானது உண்மை. பிப்ரவரியில் பக்கிங்ஹாமுக்கு வந்த ஆணைக்கோ எந்த நீதிமன்றத்திலும் பதிவு தேவைப்படவில்லை. அவர் மார்ச்சில் கப்பலேறினார்.